துளைக்கு ஒரு நினைவுப் பலகை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அண்ணன் மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவள் குரலுக்குப் பின்னால் எண்ணெய் சளசளக்கும் சத்தம் கேட்டது.

"அத்தை, நீங்க எழுதிக் குடுத்ததுல 'பொன்னிறமாகப் பொரித்தெடுக்கவும்'னு இருக்கு. மாவே கறுப்பா இருக்கு. இதுல பொன்னிறம் எங்கேருந்து வரும்?"

அவள் செய்துகொண்டிருந்தது சாக்லேட் டோனட் உருண்டை. கோகோ கலந்த மாவை எலுமிச்சம்பழத்தைவிடச் சிறியதாக உருட்டி எண்ணெயில் பொரிக்க வேண்டும். சூடு ஆறுவதற்குள், ஐசிங் சர்க்கரையைப் பாலில் கரைத்த பூச்சில் முக்கியெடுக்க வேண்டும். செய்முறையை எழுதிக் கொடுத்தவள் நான். பலமுறை செய்திருக்கிறேன். ஒருமுறைகூட நிறத்தைப் பார்த்து எடுத்ததில்லை, பார்க்கவும் முடியாது. ஆனாலும் எழுத உட்கார்ந்தபோது கை தானாக 'பொன்னிறமாக' என்று எழுதிவிட்டது. தலைப்புக்குப் பக்கத்தில் 'மிகச் சுலபம்' என்றும் எழுதியிருந்தேன்.

"ஒண்ணை எடுத்துப் பிச்சுப் பாரும்மா" என்றேன்.

"அதை எழுதியிருக்கலாமே அத்தை" என்றாள்.

எழுதியிருக்கலாம். ஏன் எழுதவில்லை? இந்தக் கேள்வியோடுதான் டோனட்டைப் பற்றி எழுதப்பட்டவற்றைத் திரும்பப் படிக்கத் தொடங்கினேன். செய்முறைகள், கண்டுபிடிப்புக் கதைகள், போர்க்காலக் கதைகள், ஒரு சிறுவர் கதை. இவை எல்லாமே ஒரு பலகாரத்தைப் பற்றிய பிரதிகள்தான். யாருடைய கை எழுத்தில் வருகிறது, யாருடைய கை வரவில்லை என்பதை இவற்றில் தெளிவாகவே பார்க்க முடிகிறது.

முதலில் பெயர். அமெரிக்காவில் இந்த உருண்டைக்கு 'டோனட் ஹோல்' என்று பெயர். அதாவது டோனட்டின் துளை. திரட்டிய மாவை வட்ட அச்சால் வெட்டி, நடுவில் சின்ன அச்சு ஒன்றை அழுத்தினால் ஒரு வளையமும் ஒரு வில்லையும் கிடைக்கும். வளையம் டோனட். வெளியே எடுத்த வில்லை எண்ணெயில் உப்பி உருண்டையாகும். அதற்குத்தான் துளை என்று பெயர். கையில் எடுத்தால் கனக்கிறது, வாயில் போட்டால் நிறைகிறது, பெயர் மட்டும் வெறும் இடத்தின் பெயர். வளையத்தின் பக்கம் நின்று பார்த்தவர்கள் வைத்த பெயர் இது. வளையத்தில் எது இல்லையோ அதன் பெயரை இங்கே இருப்பதற்குச் சூட்டிவிட்டார்கள்.

இன்று இந்தப் பெயருக்கு அந்த நியாயம்கூட இல்லை. டங்கின் நிறுவனம் 1972இல் 'மன்ச்கின்ஸ்' என்றும், கனடாவின் டிம் ஹார்ட்டன்ஸ் 1976இல் 'டிம்பிட்ஸ்' என்றும் இந்த உருண்டைகளை விற்கத் தொடங்கின. டோனட் இயந்திரம் மாவை வெட்டுவதில்லை. மாவு குழாயிலிருந்து வளையமாகவே எண்ணெயில் விழுகிறது. நடுவிலிருந்து எதுவும் வெளியே வருவதில்லை. உருண்டையைத் தனியாகத்தான் செய்ய வேண்டும். வீட்டில் நான் செய்வதும் அப்படித்தான். வளையமே கிடையாது, முழு மாவும் உருண்டைக்குத்தான். எதிலிருந்தும் வெட்டியெடுக்கப்படாத ஒன்று மிச்சத்தின் பெயரைச் சுமக்கிறது. மிச்சம் என்ற சொல் நம் வீடுகளில் யாருடைய தட்டோடு சேர்ந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணன் மகள் அதை 'துளை' என்று சொல்லவில்லை. யாரும் சொல்லித்தராமலே 'டோனட் உருண்டை' என்றாள். கடலை உருண்டை, எள்ளுருண்டை, பொரி உருண்டை என்று கையில் இருப்பதைப் பார்த்துப் பெயர் வைத்துப் பழகிய மொழி அவளுடையது. இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துளை, உருண்டை என்றதும் பெண்ணுடலுக்கு உருவகம் தேடிப் போகும் விமர்சனம் ஒன்று உண்டு. எனக்கு அதில் நாட்டமில்லை. மாவு எனக்கு மாவுதான். அதைப் பிசைந்தவர் யார், பெயர் வாங்கியவர் யார் என்பதுதான் என் கேள்வி.

பெயர் வாங்கியவர் ஹேன்சன் கிரெகரி என்ற கப்பல்காரர். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்தவர். 1847இல், பதின்ம வயதில், கப்பலில் இருந்தபோது டோனட்டின் துளையைக் கண்டுபிடித்ததாக முதுமையில் சொன்னார். ஓரம் வெந்து நடு வேகாமல் எண்ணெய் குடித்துக் கிடந்த பலகாரத்தைப் பார்த்து, மிளகுப்பொடி டப்பாவின் மூடியால் நடுவை வெட்டியெடுத்தாராம். 1916இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் அவருடைய பேட்டி வந்தது. ஊருக்குத் திரும்பி அம்மாவுக்கும் அந்த வழியைத் தானே கற்றுக்கொடுத்ததாக அதில் சொல்கிறார்.

அந்த அம்மாவின் பெயர் எலிசபெத் கிரெகரி. ஜாதிக்காய், பட்டை, எலுமிச்சைத் தோல் எல்லாம் போட்டு அவர் பலகாரம் சுடுவார் என்றும், மாவு வேகாத நடுப்பகுதியில் கொட்டைப் பருப்புகளை வைப்பார் என்றும் சொல்லப்படுகிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நடு வேகாது என்பது அம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்திருக்கிறார். வேக வேண்டிய தேவையே இல்லாத ஒன்றை வேகாத இடத்தில் வைத்துவிட்டார். மகன் அந்த இடத்தையே எடுத்துவிட்டார். ஒரே சிக்கலுக்கு இரண்டு தீர்வுகள். ஒன்று 'அம்மாவின் கைமணம்' ஆனது, மற்றது 'கண்டுபிடிப்பு' ஆனது. 1947இல், துளைக்கு நூறு வயது ஆனபோது, கிரெகரி பிறந்த ராக்போர்ட்டில் அவருக்கு ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். டோனட்டுக்குத் துளை கண்ட முதல் மனிதர் என்று அது அவரைக் கொண்டாடுகிறது.

இந்தக் கதைக்கு வேறு வடிவங்களும் உண்டு. புயலில் சுக்கானை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்ததால் பலகாரத்தைச் சுக்கானின் கட்டையில் குத்திவைத்தார் என்பது ஒன்று. 1941இல் நியூயார்க்கின் ஆஸ்டர் ஹோட்டலில் இதற்கென்றே ஒரு விவாதம் நடந்தது. கிரெகரியின் உறவினர் ஒரு பக்கம். மறுபக்கம் ஹை ஈகிள் என்ற வாம்பனோவாக் பழங்குடித் தலைவர். ஒரு பெண் சுட்டுக்கொண்டிருந்த பலகாரத்தைத் தம் முன்னோர் ஒருவரின் அம்பு துளைத்ததால் வந்ததே அந்தத் துளை என்பது அவர் தரப்பு. கிரெகரியின் தரப்பு வென்றது. எனக்கு வெற்றி தோல்வி முக்கியமாகப் படவில்லை. இரண்டு கதையிலும் சுட்டவள் பெண், துளையிட்டவன் ஆண் என்பதுதான் கண்ணில் படுகிறது. மூடி, சுக்கான், அம்பு என்று கருவிதான் மாறுகிறது. அடுப்பருகே நின்றவள் எல்லா வடிவத்திலும் அங்கேயே நிற்கிறாள், யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

நம் உளுந்துவடையிலும் துளை இருக்கிறது. காரணமும் அதேதான், நடு வேக வேண்டும். இலையில் தட்டி, ஈர விரலால் ஒரு குத்து. மாவு ஒதுங்குகிறது, மிச்சம் என்று எதுவும் விழுவதில்லை. அந்தத் துளையைக் கண்டுபிடித்தவர் யார் என்று யாரும் விவாதம் நடத்தவில்லை. நடத்த வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஒரு சமையல் அறிவு எப்போது 'கண்டுபிடிப்பு' ஆகிறது, எப்போது 'வழக்கம்' ஆகிறது என்பதைப் பார்க்க இந்த இரண்டு துளைகளையும் அருகருகே வைத்தால் போதும்.

கிரெகரி பிறப்பதற்கு முன்பே டோனட்டைப் பற்றி எழுதிவைத்தவர்கள் பெண்கள். இங்கிலாந்தில் ஹார்ட்ஃபோர்டுஷையரைச் சேர்ந்த எலிசபெத் டிம்ஸ்டேல் 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் கையால் எழுதிவைத்த சமையல் குறிப்பேட்டில் இது இருக்கிறது. 1824இல் வெளிவந்த மேரி ராண்டால்ஃபின் 'வர்ஜீனியா ஹவுஸ்வைஃப்' நூலில் இருக்கிறது. 1829இல் லிடியா மரியா சைல்ட் எழுதிய 'ஃப்ரூகல் ஹவுஸ்வைஃப்' நூலில் இருக்கிறது. சைல்ட் அதில் வெண்ணெய்க்கு முட்டை அளவு என்று கணக்குச் சொல்கிறார். தராசு இல்லாத வீட்டிலும் முட்டை இருக்கும் என்று தெரிந்து எழுதிய அளவு அது.

சைல்டின் கதை இதோடு முடியவில்லை. கணவருக்குக் கடன். குடும்பத்துக்கு வருமானம் இவருடைய எழுத்திலிருந்து வந்தது. சிக்கனக் குடித்தனம் பற்றிய அந்தப் புத்தகம் நன்றாக விற்றது. 1833இல் அடிமைமுறைக்கு எதிராக ஒரு நூல் எழுதினார். வாசகர்கள் விலகினார்கள், சமையல் புத்தகத்தின் விற்பனையும் விழுந்தது. டோனட்டுக்கு வெண்ணெய் எவ்வளவு என்று சொல்லும்வரை அவர் பேச்சை ஊர் கேட்டது. மனிதரை விற்காதே என்றதும் வெண்ணெய் அளவும் வேண்டாததாகிவிட்டது. பெண்ணுக்குச் சமையலறையில் அதிகாரம் உண்டு என்று சொல்பவர்கள், அந்த அதிகாரத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதை இதில் பார்க்கலாம்.

1896இல் ஃபேனி ஃபார்மரின் 'பாஸ்டன் குக்கிங் ஸ்கூல் குக் புக்' வந்தது. பதிப்பகத்துக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. முதல் 3000 பிரதிகளை ஆசிரியரின் செலவில்தான் அச்சிட்டார்கள். பிறகு அது லட்சக்கணக்கில் விற்றது வேறு கதை. கரண்டியையும் கோப்பையையும் தலைதட்டி அளக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னவர் ஃபார்மர். எண்ணெயின் சூட்டுக்கும் அவர் ஒரு சோதனை சொல்கிறார். ஒரு அங்குல ரொட்டித் துண்டைக் காய்ந்த கொழுப்பில் போட வேண்டும். ஏற்கெனவே வெந்த பண்டத்தைப் பொரிக்க 40 விநாடியில் அது பொன்னிறமாக வேண்டும். டோனட் போன்ற பச்சை மாவுக்கு ஒரு நிமிடம்.

இதைப் படித்தபோது எழுந்து உட்கார்ந்தேன். பொன்னிறத்தை மாவில் தேடாதே, ரொட்டியில் பார் என்கிறார். மாவு கறுப்பாக இருந்தாலும் வெளுப்பாக இருந்தாலும் ரொட்டி உண்மையைச் சொல்லிவிடும். அண்ணன் மகளின் கேள்விக்கு 1896லேயே பதில் இருந்திருக்கிறது. வெப்பமானி வந்ததும் அந்த வரி செய்முறைகளிலிருந்து உதிர்ந்துபோனது. வெப்பமானி இல்லாத வீட்டுக்கு அதற்குப் பதிலாக வேறெதுவும் வரவில்லை. 'பொன்னிறமாக' என்ற சொல் மட்டும் தங்கிவிட்டது.

அடுத்தது போர்க்காலக் கதை. முதல் உலகப் போரில், 1917இல், இரட்சணிய சேனை பிரான்சில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களிடம் பெண்களை அனுப்பியது. சேனையின் அமெரிக்கத் தலைமையிலும் அப்போது ஒரு பெண்தான் இருந்தார், எவாஞ்சலின் பூத். ஹெலன் பர்வியன்ஸ், மார்கரெட் ஷெல்டன் என்ற இருவரும் முகாமில் இருந்ததைக் கணக்குப் பார்த்தார்கள். மாவு, சர்க்கரை, கொழுப்பு, பேக்கிங் பவுடர், டப்பா பால். இதை வைத்து டோனட் சுடலாம் என்று முடிவெடுத்தார்கள். உருட்டுக் கட்டைக்குப் பதில் ஒயின் பாட்டில். அடுப்பு தாழ்வாக இருந்ததால் பர்வியன்ஸ் மண்டியிட்டுப் பொரித்தார். ஒரு சட்டிக்கு ஏழு. முதல் நாளில் 150.

என் இருப்புச்சட்டியும் ஒரு ஈட்டுக்கு ஏழு உருண்டைதான் கொள்ளும். அதனால் அந்தக் கணக்கு எனக்குக் கையால் புரிகிறது. ஏழு ஏழாக 150 சுட வேண்டுமானால் 22 ஈடு. ஒவ்வொரு ஈடு போட்டதும் எண்ணெயின் சூடு இறங்கும், ஏறக் காத்திருக்க வேண்டும். அத்தனையும் மண்டியிட்டபடி. முதலில் அந்த டோனட்டுகளில் துளையே இல்லை. வீரர்கள் துளை கேட்டார்கள். ஊர்க் கொல்லர் ஒருவர் டப்பா பாலின் மூடியையும் ஒரு சின்னக் குழாயையும் மரக்கட்டையில் பொருத்தி வெட்டச்சு செய்துகொடுத்தார்.

இவர்கள் மறக்கப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. 'டோனட் கேர்ள்' என்று புகழ் பெற்றார்கள், சுவரொட்டியில் வந்தார்கள். 1938இல் சிகாகோவில் இவர்கள் நினைவாக ஒரு நாள் தொடங்கி, இன்றும் ஜூன் முதல் வெள்ளி டோனட் தினமாக இருக்கிறது. நினைவில் நின்றது எது என்பதில்தான் என் குறை. சுவரொட்டியில் ஒரு பெண் தட்டு நிறைய டோனட்டோடு சிரிக்கிறாள். மண்டியிட்ட முழங்கால் அதில் இல்லை. இருப்பதை வைத்துச் செய்யக்கூடியது எது என்று யோசித்த மூளையும் இல்லை. அடுப்பு வசதியும் சரக்கும் இல்லாத இடத்தில் ஆயிரக்கணக்கானோருக்குச் சூடான உணவு தருவது பெரிய நிர்வாகத் திறமை. படையில் ஓர் ஆண் அதைச் செய்திருந்தால் அதற்குத் தளவாட மேலாண்மை என்று பெயர். இங்கே 'வீட்டை நினைவூட்டிய அன்பு' என்று பெயர்.

இரண்டாம் உலகப் போரில் இது இன்னும் வெளிப்படையாகிறது. 1942 முதல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 'கிளப்மொபைல்' என்ற வண்டிகளை இங்கிலாந்தில் ஓடவிட்டது. லண்டன் பேருந்துகளை மாற்றி, உள்ளே டோனட் இயந்திரம் பொருத்தி, வண்டிக்கு மூன்று அமெரிக்கப் பெண்கள். அடால்ஃப் லெவிட் 1920இல் நியூயார்க்கில் உருவாக்கிய இயந்திரத்தின் வழிவந்தது அது. மாவை வளையமாகப் பிழிந்து எண்ணெயில் விடும் வேலையை இனி இயந்திரம் பார்த்துக்கொள்ளும். அப்படியானால் பெண் எதற்கு? வேலைக்கான தகுதிப் பட்டியலைப் படித்தால் தெரிகிறது. 25 முதல் 35 வயது, கல்லூரிப் படிப்பு, நல்ல உடல்வலு, கலகலப்பான சுபாவம், அதோடு அழகு. மாவு மூட்டை தூக்கும் வலு வேண்டும், தூக்கியது முகத்தில் தெரியக் கூடாது. ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983இல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயரிட்டது இதைத்தான். கை செய்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது, சிரிப்பு வேலையாகிவிட்டது.

ஆனால் வேறொரு பக்கமும் இருக்கிறது. வீட்டுக்கு வெளியே, கடல் தாண்டி, பின்னாட்களில் பெரிய லாரிகளைத் தாங்களே ஓட்டிக்கொண்டு போர்முனைக்குப் பின்னால் சென்ற பெண்கள் அவர்கள். டோனட் அவர்களுக்கு அனுமதிச் சீட்டாகவும் இருந்தது. பெண் உலகைப் பார்க்கப் போக வேண்டுமென்றால் ஒரு கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு போ, யாரும் தடுக்கமாட்டார்கள் என்ற நிலையை அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். நான் அவர்களைக் குறைசொல்லமாட்டேன். கரண்டி இல்லாமல் போக முடியாத வழியைக் குறைசொல்வேன்.

அதே காலத்தில், 1943இல், ராபர்ட் மெக்ளோஸ்கியின் 'ஹோமர் பிரைஸ்' என்ற சிறுவர் நூல் வந்தது. அதில் டோனட்டைப் பற்றிய ஒரு கதை அமெரிக்கக் குழந்தைகளுக்குத் தலைமுறைகளாகத் தெரியும். சென்டர்பர்க் ஊரில் யுலிசஸ் மாமாவின் சிற்றுண்டிக் கடை. அவருக்கு வேலையைக் குறைக்கும் இயந்திரங்கள்மேல் மோகம். மிச்சமாகும் நேரத்தை நாவிதர் கடையில் அரட்டையடித்துக் கழிப்பார். புதிய டோனட் இயந்திரத்தைச் சிறுவன் ஹோமரிடம் விட்டுவிட்டுப் போகிறார். காரில் வந்த பணக்காரப் பெண்மணி ஒருவர், தானே மாவு கலக்கித் தருவதாகச் சொல்லிக் கையிலிருந்த வைர வளையைக் கழற்றிவைக்கிறார். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் நிற்க மறுக்கிறது. கடை முழுக்க டோனட். வளை மாவுக்குள் போய்விட்டது. கண்டுபிடிப்பவருக்கு 100 டாலர் என்றதும் ஊரே வாங்கித் தின்கிறது.

சிரிக்கவைக்கும் கதைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் மறுபடி படித்தபோது மாவிடம் வந்து நின்றுவிட்டேன். இயந்திரம் எவ்வளவு சுட்டாலும் மாவைக் கலக்க ஒரு பெண் சட்டைக் கையை மடிக்க வேண்டியிருக்கிறது. ஊர் தேடுவதோ வைரத்தை. மாவின் ருசியைப் பற்றி நல்லதாகச் சொன்னவர்களும் இரண்டாவது டோனட்டை வைரத்துக்காகத்தான் பிட்டார்கள். யுலிசஸ் மாமா குறைத்துக்கொண்டது தன் வேலையை. ஆக்னஸ் மாமிக்கு அதில் எரிச்சல் என்று கதையே சொல்கிறது. அந்த எரிச்சலைக் கதை நகைச்சுவையாகக் கடந்துவிடுகிறது. மெக்ளோஸ்கி தெரிந்து எழுதினாரோ இல்லையோ, இயந்திரம் மிச்சம்பிடிக்கும் நேரம் வீட்டில் யாருடைய கணக்கில் வரவாகிறது என்பதை இவ்வளவு நேராகக் காட்டிய சிறுவர் கதைகள் குறைவு.

இனி என் சொந்தப் பிரதிக்கு வருகிறேன். 'மிகச் சுலபம்' என்று நான் எழுதிக் கொடுத்த அந்த ஒரு பக்கம். பொருள்கள் சரியாக இருந்தன. மைதா 200 கிராம், கோகோ 40 கிராம், சர்க்கரை 100 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், ஒரு முட்டை, கெட்டி மோர் 120 மில்லி, உருக்கிய வெண்ணெய் 30 கிராம். பூச்சுக்கு ஐசிங் சர்க்கரை 240 கிராம், பால் நாலு மேசைக்கரண்டி. 'கலந்து, உருட்டி, பொன்னிறமாகப் பொரித்து, பூச்சில் முக்கவும். 30 நிமிடம்.'

அடுத்த வாரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நானே செய்தேன். சலிப்பது, கலப்பது, குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைப்பது, முப்பதுக்கும் மேற்பட்ட உருண்டைகள் உருட்டுவது, ஐந்து ஈடு பொரிப்பது, பூச்சு கட்டியாகாமல் கிண்டுவது, முக்குவது, எண்ணெய்ச் சட்டி தேய்ப்பது, கம்பித் தட்டின் சந்துகளில் காய்ந்த சர்க்கரையைச் சுரண்டுவது. ஒரு மணி 50 நிமிடம். தேய்ப்பதையும் சுரண்டுவதையும் நான் எழுதவே இல்லை. எந்தச் செய்முறைதான் எழுதுகிறது? பலகாரம் தட்டுக்கு வந்ததும் செய்முறை முடிந்துவிடுகிறது. சமைத்தவளுக்கு முடிவதில்லை.

நேரத்தைவிடப் பெரிய விடுபடல் அறிவு. கறுப்பு மாவு வெந்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறேன்? உருண்டையைப் போட்டதும் அது அமிழ்ந்து, சில நொடியில் மேலே வரும். சுற்றிலும் குமிழிகள் பெரிதாக, ஆவேசமாக இருக்கும். மாவிலிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறுகிறது என்று பொருள். இரண்டு நிமிடம் நெருங்கும்போது குமிழி சிறுத்து, சளசளப்பு சலசலப்பாகக் குறையும். ஜல்லிக்கரண்டியால் தொட்டால் கனம் குறைந்து உருளும். மேலே மெல்லிய வெடிப்பு விழும். முதல் ஈட்டில் ஒன்றைப் பிய்த்துப் பார்த்தால் உள்ளே ஈரப்பிசுக்கு இருக்கக் கூடாது. கண் ஏமாறும் இடத்தில் காதும் கையும் வேலை செய்கின்றன.

முக்குவதற்கும் ஒரு தருணம் உண்டு. எடுத்தவுடன் முக்கினால் பூச்சு வழிந்தோடிவிடும். ஆறியபின் முக்கினால் சுண்ணாம்பு அடித்ததுபோல் திட்டுத்திட்டாக நிற்கும். விரலில் தாங்கக்கூடிய சூடு இருக்கும்போது முக்கினால்தான் கண்ணாடிபோல் படியும். அந்தச் சூடு வரும்போது அடுத்த ஈடு எண்ணெயில் இருக்கும். ஒரு கை சர்க்கரையில், ஒரு கை கொதிக்கும் எண்ணெய் பக்கத்தில். ஈரக்கை எண்ணெய்மேல் போகக் கூடாது என்பதை மறக்கவே கூடாது. இதுதான் நான் 'மிகச் சுலபம்' என்று எழுதியது.

ஏன் அப்படி எழுதினேன் என்று இப்போது ஓரளவு புரிகிறது. இதை அறிவு என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. 'உங்க கைமணமே தனி' என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாராட்டைக் கேட்டு மகிழ்ந்தும் இருக்கிறேன். ஆனால் கைமணம் என்பது பூவின் மணம்போலப் பிறப்போடு வந்த ஒன்றாக ஒலிக்கிறது. பிறப்போடு வந்ததைக் கற்கத் தேவையில்லை, கற்பிக்க முடியாது, கூலி கேட்க முடியாது. பத்து முறை கருக்கி, நாலு முறை சுட்டுக்கொண்டு கற்றதை அந்தச் சொல் துடைத்துவிடுகிறது. எலிசபெத் கிரெகரியின் கொட்டைப் பருப்புக்கு நேர்ந்ததும் இதுதான். வெளியிலிருந்து யாரோ அழித்தார்கள் என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியவில்லை. என் பக்கத்தை நானே அப்படித்தான் எழுதினேன். பொன்னிறம் என்ற சொல் எனக்கு முன்னால் எழுதியவர்களிடமிருந்து வந்தது. சுலபம் என்ற சொல் எனக்குள்ளிருந்தே வந்தது.

தமிழில் 'பதம்' என்றால் பக்குவம், 'பதம்' என்றால் சொல். பெண்கள் பதம் பார்க்கத் தெரிந்தவர்கள் என்பதை ஊர் ஒத்துக்கொள்கிறது. அந்தப் பதத்துக்குப் பதம் கிடைக்கும்போதுதான் அது இன்னொரு கைக்குப் போகிறது. ஆணின் கைக்கும் போகிறது. எழுதிவைக்காத அறிவு, தெரிந்தவளை அடுப்படியிலேயே நிறுத்திவைக்கும். 'உன்னை மாதிரி எனக்கு வராது' என்று சொல்லிவிட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் வசதியை மற்றவர்களுக்குக் கொடுப்பதும் அதுதான்.

அண்ணன் மகளுக்கு அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதி அனுப்பினேன். 'மிகச் சுலபம்' என்பதை அடித்துவிட்டு 'இரண்டு மணி நேரம், இரண்டு பேர் இருந்தால் நல்லது' என்று எழுதினேன். 'பொன்னிறமாக' என்பதையும் அடித்துவிட்டு, ரொட்டித் துண்டையும் குமிழியையும் சத்தத்தையும் எழுதினேன். கடைசியாக, 'சட்டி தேய்ப்பது: 15 நிமிடம்' என்று ஒரு வரி.

நேற்று அழைத்தாள்.

"நல்லா வந்துச்சு அத்தை. நான் பொரிச்சேன், தம்பி முக்கினான்."

"சட்டி?"

"அவன்தான். அதுதான் எழுதியிருந்தீங்களே, படிச்சுக் காட்டினேன்."